ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் மொத்த இறக்குமதியும்: ஒரு சின்ன வரலாறு

எங்க ஊர் புதுக்கோட்டை பக்கம். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதை முதல்முறை தேடிப் பார்த்தேன். ஊர் இருந்தது, ஆனா இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, பொட்டல் காட்டுல ஒரு புள்ளியா உட்கார்ந்திருந்தது. யார் இப்படி வெச்சதுன்னு அந்தப் புள்ளியோட வரலாற்றைத் திறந்தேன். முதல் பதிப்பில் ஊர்ப் பெயர், கூடவே 'ஏஎன்டி' என்று தொடங்கும் ஒரு குறிச்சொல், அதுக்கு எதிரே நீளமா ஓர் எண். மனுஷன் எழுதுற மாதிரியே இல்லை. ஏதோ ஒரு டேட்டாபேஸ்ல இருந்து வந்த சாவின்னு பார்த்ததுமே தெரிஞ்சுது.

புள்ளியை இழுத்து ஊருக்குள்ள வெச்சேன். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அந்த எண் எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கு.

வெறும் வரைபடமும் நடக்கிற கால்களும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். அங்க நிலவரைபடம் எடுக்கிற அரசு அமைப்பு ஆர்ட்னன்ஸ் சர்வே. மக்கள் வரிப்பணத்துல உருவான அந்தத் தரவை அப்போ காசு கொடுத்து, உரிமம் வாங்கித்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதுக்குப் பதிலா நாமளே ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கிட்டு நடந்தோ சைக்கிள்லயோ போய், வந்த தடத்தின் மேல தெருக்களை வரைஞ்சா என்ன? விக்கிப்பீடியாவை எழுதுற மாதிரியே ஊரையும் வரையலாமே? இதுதான் அடிப்படை யோசனை.

2006 டிசம்பர்ல யாஹூ தன்னோட வான்படங்களின் மேல வரைய அனுமதி கொடுத்தது. வீட்ல உட்கார்ந்தே தெரு வரையலாம்னு ஆச்சு. ஆனாலும் உலகம் பெருசு, கை கொஞ்சம். அப்போதான் எல்லாருக்கும் வருகிற அந்தக் கேள்வி வந்தது: ஏற்கனவே யாரோ எடுத்து வெச்ச தரவு சும்மா கிடைச்சா, அதை அப்படியே மொத்தமா ஏத்திட்டா என்ன? அதைத்தான் இறக்குமதின்னு சொல்றாங்க.

2007-ல் ஏஎன்டி என்கிற நெதர்லாந்து நிறுவனம், அந்த நாட்டுச் சாலைத் தரவு முழுவதையும் கொடையா கொடுத்தது. கூடவே இந்தியா, சீனா இரண்டுக்கும் முக்கியச் சாலைகள். எங்க ஊர்ப் புள்ளியோட பூர்வீகம் அதுதான். எங்கேயோ ஒரு வழிகாட்டிக் கருவிக்காகத் தயாரான பட்டியல்ல எங்க ஊர் ஒரு வரி. அந்த வரியோட துல்லியம் அவங்க தேவைக்குப் போதும். ஊர்க்காரனுக்குத்தான் போதாது.

ஒரே கொடை, ரெண்டு விதமான பலன். நெதர்லாந்தில் ஒரே ராத்திரியில பெரும்பகுதி வேலை முடிஞ்ச மாதிரி ஆச்சு. சின்ன நாடு, அடர்த்தியான தன்னார்வலர் கூட்டம், எல்லார்கிட்டயும் சைக்கிள். அவங்க அந்த எலும்புக்கூட்டின் மேல சைக்கிள் பாதை, நடைபாதைன்னு சதை வெச்சாங்க, தப்புகளைத் திருத்தினாங்க. இந்தியாவில் அப்போ வரைகிறவங்களை விரல்விட்டு எண்ணிடலாம். வந்த புள்ளி வந்த இடத்துலயே வருஷக்கணக்கா கிடந்தது.

டைகர் வந்த கதை

இறக்குமதி வரலாற்றில் பெரிய அத்தியாயம் அமெரிக்காவோடது. அமெரிக்கக் கூட்டரசு தயாரிக்கும் தரவுக்குக் காப்புரிமை கிடையாது, யாரும் எடுக்கலாம். அங்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்திடம் டைகர் என்ற பெயரில் நாடு முழுக்க உள்ள சாலைத் தரவு இருந்தது. 1990 கணக்கெடுப்புக்காக உருவாக்கியது. நகரங்களுக்கு வெளியே பெரும்பாலும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் 1:1,00,000 அளவு வரைபடங்களே அதற்கு அடிப்படை. அந்த அளவு வரைபடத்தில் ஒரு கோடு 50 மீட்டர் தள்ளி இருந்தாலும் அது தரத்துக்குள்தான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கணக்கெடுக்கிறவருக்கு என்ன வேணும்? இந்த வீடு இந்தத் தெருவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, எந்தக் கணக்கெடுப்பு வட்டாரத்தில் சேரும். அவ்வளவுதான். தெரு நிஜத்தில் 50 மீட்டர் கிழக்கே இருந்தாலும் கணக்கு தப்பாது. எது எதோடு சேருது என்பது முக்கியம், எங்கே இருக்கு என்பது இரண்டாம்பட்சம். அந்த வேலைக்கு டைகர் நல்ல தரவு. கார் ஓட்ட, வழி தேட, வான்படத்தின் மேல பொருத்திப் பார்க்க அது எடுக்கப்படவே இல்லை.

முதல் முயற்சி ஒன்று தரவுச் சிக்கலால் பாதியில் நின்று, ஏத்தினதும் நீக்கப்பட்டது. பிறகு 2007-ல் டேவ் ஹான்சன் என்ற தன்னார்வலர் புதுசா நிரல் எழுதி, கவுண்டி கவுண்டியா ஏத்தத் தொடங்கினார். 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள். மாதக்கணக்கில் ஓடி 2008 தொடக்கத்தில் முடிஞ்சது. மாசசூசெட்ஸ் மட்டும் டைகரை விட்டுட்டு, மாநில அரசோட மாஸ்ஜிஐஎஸ் தரவை எடுத்துக்கிட்டது.

வெறுமையா கிடந்த ஒரு கண்டம் கண் முன்னால நிறைஞ்சது. அந்தச் சந்தோஷத்தை இன்னிக்கு நாம கேலி பண்ணக் கூடாது. நிரல் எழுதுற ஆளா சொல்றேன், அது அசாத்தியமான உழைப்பு.

ஆனா அடுத்த பத்து வருஷம் அதுக்குக் கொடுத்த விலையும் பெருசு. டைகரில் 'ஏ41' என்று ஒரு வகை உண்டு. உள்ளூர்த் தெரு, கிராமச் சாலை எல்லாம் அதுல அடங்கும். நிரல் அத்தனையையும் 'குடியிருப்புத் தெரு' என்று மொழிபெயர்த்தது. விளைவு, பாலைவனத்தில் ஜீப் தடமும், பண்ணைக்குள் டிராக்டர் போகிற பாதையும் வரைபடத்தில் குடியிருப்புத் தெரு. கவுண்டி கவுண்டியா ஏத்தினதால, எல்லையில் ஒரே சாலை ரெண்டு துண்டா வந்து ஒட்டாம நின்றது. கண்ணுக்கு ஒரே கோடுதான். வழி தேடுற நிரலுக்கு அது முட்டுச்சந்து. பெயர்களெல்லாம் சுருக்கெழுத்து. 'ஸ்ட்' என்றால் ஸ்ட்ரீட்டா, செயின்ட்டா? அதை விரிக்கத் தனியா ஒரு நிரல் எழுத வேண்டி வந்தது.

இதுல விதியோட விளையாட்டு ஒன்னு உண்டு. அதே கணக்கெடுப்பு அலுவலகம் அதே வருஷங்களில் டைகரின் இடத்துல்லியத்தைச் சரிசெய்யும் பெரிய திட்டத்தை நடத்திக்கிட்டு இருந்தது. 2008-ல் அது முடிஞ்சது. பல கவுண்டிகளில் இவங்க ஏத்தினது திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. சரி, புதுசை மறுபடி ஏத்தலாமேன்னா முடியாது. அதுக்குள்ள ஆயிரக்கணக்கானவங்க பழையதைத் திருத்த ஆரம்பிச்சிட்டாங்க. மேல ஏத்தினா அவங்க உழைப்பு அழியும். நாம 'மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்' என்று சொல்றோமே, அது ஒரு நாட்டு அளவுக்கு.

ஏத்தின ஒவ்வொரு சாலையிலும் ஒரு குறிச்சொல் இருந்தது: 'டைகர்:ரிவியூட்=நோ'. அதாவது, இதை இன்னும் யாரும் பார்க்கலை. யாராவது பார்த்துச் சரிசெய்த பிறகு அதை நீக்கணும். நல்ல யோசனைதான். ஆனா லட்சக்கணக்கான சாலைகளுக்கு எதிரே ஒரு கைப்பிடி ஆட்கள். இன்னமும் அமெரிக்கக் கிராமப்புறங்களில் அந்தச் சொல் நீக்கப்படாத சாலைகளைப் பார்க்கலாம். அந்தக் காலத்துல ஜெர்மனிக்காரங்க இதைச் சுட்டிக்காட்டுவாங்க. அவங்க பெரும்பாலும் நடந்து நடந்தே வரைஞ்சவங்க. வெறுமையான வரைபடம் ஆளைக் கூப்பிடும், நிறைஞ்ச மாதிரி தெரியுற வரைபடம் 'இங்க வேலை இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடும் என்பது அவங்க வாதம். நெதர்லாந்தைப் பார்த்தா அது முழுசா சரின்னும் சொல்ல முடியலை. இறக்குமதி ஆளை விரட்டுதா இல்லையா என்பதை, அங்க ஏற்கனவே ஆள் இருக்கா என்பதுதான் தீர்மானிக்குதுன்னு எனக்குத் தோணுது.

திரும்பப் பெறும் வசதி

இந்த அனுபவத்துக்குப் பிறகு கருவிகளும் விதிகளும் மாறின. 2009 ஏப்ரலில் வந்த 0.6 ஏபிஐ எனக்கு மிக முக்கியமாப் படுது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு திருத்தமும் தனித்தனி. 0.6-ல்தான் 'சேஞ்ச்செட்' வந்தது: இன்னார், இந்த நேரத்துல, இந்தக் காரணத்துக்காக, இத்தனை பொருள்களை மாத்தினார் என்று ஒரு மூட்டை. ரெண்டு பேர் ஒரே பொருளை மாத்தினா, பழைய பதிப்பை வெச்சிருக்கிறவரை சர்வர் நிறுத்தும். மூட்டைக்குப் பெயர் இருந்தாத்தான் அதை அவிழ்க்கவும் முடியும். தப்பா வந்த இறக்குமதியை அடையாளம் கண்டு திரும்பப் பெறுவது அதுக்கப்புறம்தான் நடைமுறையில் சாத்தியமாச்சு.

இறக்குமதிக்கு எழுதப்பட்ட விதிகளும் கெட்டியாச்சு. தரவின் உரிமம் ஒத்துவரணும். எப்படி ஏத்தப் போறோம்னு முன்கூட்டியே எழுதி எல்லார் முன்னாடியும் வைக்கணும். அந்த ஊர்ல வரையுறவங்க சம்மதிக்கணும். ஏத்துறதுக்குத் தனிக் கணக்கு வெச்சுக்கணும். புதுசா வர்றவங்களுக்கு இது அரசாங்க அலுவலகம் மாதிரி தெரியும். உரிமம் என்ற முதல் விதி ஏன் என்பதுக்கு 2012 பதில் சொன்னது. அந்த வருஷம் செப்டம்பரில் திட்டம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலிருந்து ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதுக்கு முன்னாடி, ஜூலையில், சம்மதிக்காதவங்க வரைஞ்ச பகுதிகளை ஒரு தானியங்கி நிரல் நீக்கியது. ஒரு ஆள் கையால வரைஞ்சது போனா ஒரு பேட்டை போகும். மொத்தமா ஏத்தினதோட உரிமம் செல்லாதுன்னு ஆனா, ஏத்தினது அத்தனையும் போகும்.

சதுரமாக வெட்டிக் கொடுத்தல்

2010 ஜனவரி 12, ஹெய்தியில் நிலநடுக்கம். போர்ட்டோபிரின்ஸ் நகரத்துக்கு உருப்படியான வரைபடம் இல்லை. செயற்கைக்கோள் படங்கள் சீக்கிரமே திறந்துவிடப்பட்டன. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கானவங்க வரைய உட்கார்ந்தாங்க. அப்போ ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. ரெண்டு பேர் ஒரே தெருவை வரையுறாங்க, பக்கத்துப் பேட்டையை யாரும் தொடலை. இந்த அனுபவத்திலிருந்து வந்தது ஹாட் அமைப்பின் டாஸ்கிங் மேனேஜர். பரப்பை ஒரு கட்டம் போட்ட தாள் மாதிரி சதுரங்களாக வெட்டும். நீங்க ஒரு சதுரத்தை எடுத்தா மத்தவங்களுக்கு அது பூட்டிடும். முடிச்சா நிறம் மாறும். இன்னொருத்தர் சரிபார்த்தா மறுபடி மாறும்.

ஆறு மாசம் கழிச்சு யார் எதைச் செஞ்சாங்கன்னு தெரியாம முழிக்கிற ப்ராஜெக்டுகளில் நான் வேலை பார்த்திருக்கேன். அதனால இந்தச் சதுரம் எனக்கு ரொம்பப் பெரிய கண்டுபிடிப்பாத் தெரியுது. பேரிடருக்காக வந்த இந்தக் கருவியைத்தான் பிறகு இறக்குமதிக்காரங்களும் எடுத்துக்கிட்டாங்க.

பிரான்ஸில் இதுக்கு முன்னாடியே வேறு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தாங்க. நாட்டோட நிலப்பதிவு வரைபடத்திலிருந்து கட்டடங்களை எடுக்கணும். மொத்தமா நாட்டையே ஏத்தலை. அங்க கம்யூன் என்பது நம்ம ஊராட்சி மாதிரி, நாடு முழுக்க 35,000 வாக்கில் உண்டு. ஒரு கம்யூனுக்கு ஒரு கோப்பு தயாரிச்சுக் கொடுக்கும் கருவியை எழுதினாங்க. அந்த ஊரைத் தெரிஞ்ச ஆள் கோப்பைத் திறந்து, ஏற்கனவே இருக்கிறதோடு ஒப்பிட்டு, சரிபார்த்து ஏத்துவார். அதிலும் குறை உண்டு. நிலத்தின் எல்லைக்கோடு குறுக்கே போனா ஒரே வீடு ரெண்டு வீடா வந்து நிற்கும். ஆனா அதைப் பார்க்க ஒரு கண் இருந்தது.

நியூயார்க் நகரம் 2013-14-ல். மாநகர நிர்வாகம் திறந்துவிட்ட தரவிலிருந்து சுமார் 10 லட்சம் கட்டடங்கள், 9 லட்சத்துக்கும் மேல முகவரிகள். நகரத்தைத் தேர்தல் வட்டாரங்களாக வெட்டி, ஒவ்வொன்னா ஆட்கள் எடுத்து, பழைய வரைவோடு பொருத்தி ஏத்தினாங்க. முக்கால்வாசியைத் தன்னார்வலர்களே முடிச்சாங்கன்னு சொன்னா அழகா இருக்கும், ஆனா கணிசமான வேலையைச் செஞ்சது மேப்பாக்ஸ் நிறுவனத்தின் சம்பளக்காரக் குழு. இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் பிடிச்சது: வரைபடத்தில் யாராவது ஒரு கட்டடத்தையோ முகவரியையோ மாத்தினா, அந்தத் தகவல் தினசரி மின்னஞ்சலா மாநகர நிலத்தரவுக் குழுவுக்குப் போக ஏற்பாடு. கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கிறார். அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் சுமார் 30 லட்சம் கட்டடங்கள், இதே முறையில், சனி ஞாயிறுகளில் கூடி உட்கார்ந்து.

அப்போ எளிமையாக்கினாங்க என்றால் எதை? ஏத்துற பொத்தானை இல்லை, அது 2007-லயே எளிமைதான். முடிவெடுக்கிறதைச் சின்னதாக்கினாங்க. நாட்டுக்கே ஒருத்தர் ஒரு முடிவு எடுக்கிறதுக்குப் பதிலா, ஒரு தெருவுக்கு ஒருத்தர், 'இது இருக்கா, இல்லையா, ஏற்கனவே வரைஞ்சிருக்கா' என்று மூணு கேள்வி. உரிமம், குறிச்சொல் மொழிபெயர்ப்பு, கோப்பு தயாரிப்பு போன்ற கஷ்டமான வேலைகளை ரெண்டு மூணு பேர் முன்கூட்டியே முடிச்சிடுவாங்க. வர்றவர் கண்ணை மட்டும் கொண்டு வந்தாப் போதும். அமெரிக்காவில் டைகர் தப்புகளுக்கும் இதே மருந்துதான். மேப்ரூலெட் என்ற கருவி ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு தப்பைக் காட்டும். சரி பண்ணுங்க, அடுத்தது வரும். திருத்தப்பட்ட புது டைகரை மறுபடி ஏத்தாம, வரையும் மென்பொருளில் பின்னணிப் படமா மட்டும் காட்டினாங்க. பார்த்து வரையலாம், கொட்ட முடியாது.

நான் கொட்டியது

இதையெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்னு பெருமை பேச எனக்கு உரிமை இல்லை. 2016-ல் எங்க மாவட்டப் பள்ளிகளின் பட்டியல் ஒன்னு, அட்சரேகை தீர்க்கரேகையோடு, என் கையில் கிடைச்சது. முந்நூத்திச் சொச்சம் வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைத்தானில் நாற்பது வரி நிரல், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாம் வரைபடத்தில். எவ்வளவு நல்ல காரியம் பண்ணிட்டோம்னு வீட்ல எல்லாருக்கும் காட்டினேன்.

ரெண்டு நாள் கழிச்சு, முன்பின் தெரியாத ஒருத்தர் அந்தச் சேஞ்ச்செட்டில் மரியாதையா மூணு கேள்வி கேட்டிருந்தார். இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? பயன்படுத்த அனுமதி இருக்கா? இதில் எத்தனை பள்ளிகளை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்க?

மூணுக்கும் என்கிட்ட பதில் இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நானே படித்த பள்ளியைத் தேடினேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயலுக்குள்ள நின்னது. பட்டியலில் சில வரிகள் பாகை, நிமிடம், விநாடியில் இருந்திருக்கு. நிரல் அதைத் தசமமா எடுத்துக்கிட்டு நகர்த்திடுச்சு. நம்ம தொழிலில் முதல் வருஷப் பையன் பண்ற தப்பு. எங்க ஊரைத் தள்ளி வெச்ச ஏஎன்டி மேல பட்ட எரிச்சல் எனக்கு அந்த ராத்திரி நினைவுக்கு வந்தது.

முழுசையும் திரும்பப் பெற்றேன். சேஞ்ச்செட் என்று ஒன்னு இருந்ததால அது ஒரு ராத்திரியில முடிஞ்சது. பிறகு அக்கா பையனும் நானுமா, ஊருக்குப் போகும்போதெல்லாம், பைக்ல போய்ப் பார்த்த பள்ளிகளை மட்டும் போட்டோம். நாலு வருஷத்தில் அறுபத்தொன்னு. முந்நூறு எங்கே, அறுபது எங்கே. ஆனா அந்த அறுபத்தொன்னில் எதையும் இழுத்து வைக்க வேண்டியதில்லை. ரெண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தன, பட்டியலுக்கு அது தெரியலை.

இப்போ

இறக்குமதி என்ற சொல்லின் அர்த்தமே மாறிக்கிட்டு இருக்கு. 2018-ல் மைக்ரோசாஃப்ட் அமெரிக்கா முழுவதுக்கும் சுமார் 12.5 கோடி கட்டட வடிவங்களை வெளியிட்டது. எல்லாம் வான்படத்திலிருந்து இயந்திரம் எடுத்தது. 2019-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ராபிட் என்ற மென்பொருள், இயந்திரம் கண்டுபிடிச்ச சாலைகளைக் காட்டி 'சேர்க்கவா?' என்று ஒவ்வொன்னுக்கும் கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்க வெச்சதுக்கு டைகரும் ஒரு காரணம்னு எனக்குப் படுது. ஆனா 'ஆமா, ஆமா, ஆமா' என்று விரல் தானா தட்டிக்கிட்டே போனா, அதுவும் கொட்டுறதுதான், கொஞ்சம் மெதுவா.

இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில் நிலத்தரவு விதிகள் பெரிய அளவில் தளர்ந்தன. நாளைக்கு நம்ம ஊராட்சி, நம்ம நீர்நிலைப் பட்டியலெல்லாம் தெளிவான உரிமத்தோடு கிடைக்கும்னு வைங்க. அன்னிக்கு யாராவது ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது வரி நிரல் எழுதுவான். தடுக்கக் கூடாது. அதைத் தாலுகாவா, ஊரா வெட்டிக் கொடுக்கச் சொல்லணும், அந்த மூணு கேள்வியையும் அவன்கிட்ட மரியாதையா கேட்கணும்.

எங்க ஊர்ப் புள்ளியில் அந்த ஏஎன்டி எண் இன்னமும் இருக்கு. நீக்கலாம்னு ரெண்டு தடவை கை போச்சு, விட்டுட்டேன். வந்த வழி தெரியட்டும். உங்க ஊரையும் ஒரு தடவை திறந்து பாருங்க. இடம் சரியா இருக்கான்னு சொல்ல உங்களை விட்டா ஆள் இல்லாம இருக்கலாம்.